கணக்கு வாத்தியாருக்கு நினைவு மலர்: 12 நாளில் முடியுமா?

கேள்வி: ஓய்வுபெற்ற எங்கள் உயர்நிலைப்பள்ளி கணக்கு ஆசிரியர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் 300 பிரதிகள் வேண்டும். எத்தனை பக்கம் போடலாம்? வாழ்க்கைக் குறிப்புக்குத் தேதிகளை எங்கே பிடிப்பது?

பதில் 1: 32 பக்கம் போதும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 என்று கொடுத்தால் இரண்டு பக்கம் வெற்றாக நிற்கும். உள்தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மேப்லித்தோ, அதாவது புத்தகம் அச்சிடும் வெள்ளைத் தாள். படங்களை வாட்ஸ்அப்பில் அப்படியே வாங்காதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய குரூப் போட்டோவை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் தாங்கும்.

பதில் 2: தேதிதான் சிக்கல். அந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழ்ப் பிறந்தநாள் வேறு, வீட்டில் சொல்லும் நாள் வேறு. எதைப் போடுவது என்று குடும்பத்தாரே முடிவு செய்யட்டும். ஓய்வு நாளுக்கு ஓய்வூதிய ஆணையைப் பாருங்கள். ஆனால் கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறும் ஆசிரியருக்கு அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைப்பதுண்டு, அதனால் கடைசியாக வகுப்பெடுத்த நாள் பிந்தியிருக்கலாம்.

பதில் 3: அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கரா (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்)? யூனிகோடில், அதாவது இன்று போனிலும் கணினியிலும் உள்ள எழுத்துமுறையில், தட்டியதை அதன் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறும். மாற்றிய பிறகு காகிதத்தில் எடுத்துப் படியுங்கள், முக்கியமாகப் பெயர்களின் முன்னெழுத்தை. கட்டுரை வாங்க ஐந்து நாள்தான் கொடுக்கலாம். "நல்லவர், வல்லவர்" என்றே எல்லாரும் எழுதுவார்கள். அவர் தேற்றத்தை எப்படி விளக்கினார் என்று கேளுங்கள்.