கேஸ் கனெக்‌ஷன் வாங்கின கதை, வாங்க முடியாத கதை எழுதுங்கள்

சூளைமேட்டுக்காரன்:
எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு கேஸ் எழுதி வைக்கலாம் என்று ஒரு ஏஜென்சிக்குக் கூட்டிப்போனேன். கூவம் கரையில் இருந்தவர். குடிசையை இடித்து ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். ஆதாரில் இன்னும் பழைய விலாசம்தான். அந்த வீடே இப்போது இல்லை! சின்ன சிலிண்டரைக் கடையில் கிலோ கணக்கில் நிரப்பித்தான் சமைக்கிறார். கவுன்டரில் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, குடிசைக்குப் போட்ட நம்பர் சீட்டு, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். அந்த ஆள் ஒன்றையும் கையால் தொடவில்லை. பேனா முனையால் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் தள்ளினார். "இந்த அட்ரஸ் ப்ரூஃப் செல்லாது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது.

பம்ப் ஸ்டவ்:
வியாசர்பாடி. 2006-ல் வந்த கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்து, பழைய புடவையால் மூடி வைத்துவிட்டார். சோறு, குழம்பு எல்லாம் மண்ணெண்ணெயில்தான். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் புடவையை எடுத்து, கேஸில் டீ. முதல் சிலிண்டர் ஏழு மாதம் ஓடியது. கேட்டால், "தீந்துட்டா மறுபடி வாங்க ஒரே நாள்ல அவ்ளோ பணத்துக்கு எங்கடா போவேன்?" என்பார். ரேஷன் கார்டில் கேஸ் முத்திரை விழுந்ததும் மண்ணெண்ணெய் அளவைக் குறைத்தார்கள். அடுப்பு வந்த அன்று சும்மா இருந்தவர், அன்றைக்கு அழுதார். வெறும் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வாசலில் நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

மயிலாப்பூர் தாத்தா:
ஓசியில் கொடுத்தால் இப்படித்தான், புடவை போட்டு மூடி வைப்பார்கள். நாங்கள் 80-களில் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் எம்.பி.க்களுக்கு ஒதுக்கியிருந்த கேஸ் கூப்பன் ஒன்று கிடைத்துத்தான் வந்தது. சிலிண்டர் இறங்கிய அன்று தெருவே வந்து பார்த்தது. அந்த அருமை இப்போது யாருக்குத் தெரிகிறது?

பம்ப் ஸ்டவ்:
சார், எம்.பி. கூப்பன் மட்டும் என்னவாம்? வரிசையில் நின்றவன் நிற்க, ஆள் தெரிந்தவருக்குக் கிடைத்தது. எங்கள் அம்மாவுக்கு எந்த எம்.பி.யைத் தெரியும்?

அப்புறம் அருமை தெரியாமல் மூடி வைக்கவில்லை. நூறு ரூபாய் இருந்தால் நூறு ரூபாய்க்கு விறகு வாங்கலாம், கேஸ் அப்படி வராது. 2023-ல் சென்னையில் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுக்குப் போனது. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 குறைத்தார்கள். 2016-ல் ஏழைப் பெண்களுக்கு கேஸ் கொடுக்கும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தபோதும் கனெக்‌ஷனுக்குத்தான் 1,600 ரூபாய் அரசு போட்டது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனில் எடுத்தவர்களுக்கு, வர வேண்டிய மானியத்தில் பிடித்துக்கொண்டார்கள். கனெக்‌ஷன் கொடுத்தாயிற்று என்று கணக்குக் காட்டலாம். இரண்டாவது சிலிண்டர் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேட்டால்தான் கதை தெரியும்.

எட்டாவது மாடி:
நான் ஆறு வருடம் சிலிண்டர் போட்டவன். கேஸ் 14.2 கிலோ, இரும்பு கிட்டத்தட்ட அதே அளவு. லிஃப்ட் ஓடாத அன்று தோளில் வைத்து எட்டு மாடி ஏறிப் பாருங்கள், அப்புறம் டிப்ஸைப் பற்றிப் பேசலாம். கொண்டுவந்து போடும் கூலி பில்லிலேயே இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஒரு வீட்டில் அந்த அம்மா டப்பாவைக் கவிழ்த்து, பத்து, இருபது, சில்லறை என்று எண்ணிக் கொடுத்தார். "மேல அம்பது" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூலையில் கிடந்த ஸ்கூல் பையைத் திறந்து, ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு ஐம்பது ரூபாய்த் தாள் எடுத்து நீட்டினார். அந்தப் பையன் பார்த்துக்கொண்டே நின்றான்.

வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

கேஸ் மாமா:
என் கதை சின்னது. ஒருமுறை ரெகுலேட்டர் மாட்டும்போது 'புஸ்'ஸென்று வந்தது, கையைச் சுட்ட மாதிரி விட்டுவிட்டு ஓடினேன். உள்ளே ரப்பர் வாஷர் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும், அதை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேஸுக்கு வாசனை கிடையாது, நாம் மோப்பம் பிடிக்கத்தான் நாற்றத்தைக் கலக்கிறார்கள். அது காற்றைவிட கனம், தரையோடு தங்கும். அதனால் நாற்றம் வந்தால் ஃபேன், லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறங்கள். 1906-க்கு போன் போடுங்கள், அதுவும் வெளியே வந்து. சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டிக் கடைசி கேஸை எடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். என் தங்கையும் இதையே செய்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

சூளைமேட்டுக்காரரே, கிலோ கணக்கில் நிரப்பும் வேலை ஆபத்து, சட்டப்படியும் தப்பு. 2021 ஆகஸ்டில் வந்த உஜ்வலா 2.0-வில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு முகவரிச் சான்றுக்குப் பதில் சுய உறுதிமொழியே போதும் என்று வைத்தார்கள். அந்த வழியில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே விற்பனைக்கு இருக்கிறது, ஏதாவது ஒரு ஐடி காட்டினால் போதும்.

மயிலாப்பூர் தாத்தா:
சுவிட்ச் விஷயம் எனக்கே தெரியாது. நன்றி.

சூளைமேட்டுக்காரன்:
கேஸ் மாமா, அக்காவிடம் சொன்னேன். "எழுதித் தர்றேன் தம்பி. ஆனா அந்தப் பேனாக்காரர் இருக்குற கடைக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போவாத" என்றார். வேறு ஏஜென்சியில் எழுத முடியுமா?