'இடர்க்காரணி': ஹோமோசிஸ்டீனுக்கு இச்சொல் பொருந்துமா?

மடல் 1: மருந்தாளர், சுங்கை சிப்புட், மலேசியா

குழுவினருக்கு வணக்கம். வரும் ஞாயிறன்று எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கும் இதயநல முகாமுக்காக, மலாயில் உள்ள ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். வியாழன் மாலைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தை அது 'ஃபக்டோர் ரிசிகோ' (ஆங்கிலத்தில் 'ரிஸ்க் ஃபேக்டர்') என்று சொல்லும் இடத்தில் வழக்கம்போல 'இடர்க்காரணி' என்று எழுதிவிட்டு, மேலே செல்ல மனமில்லாமல் நிற்கிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. பால்மரம் சீவி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் சென்ற மாதம் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். மருமகளின் பேறுகாலத்தில் மிஞ்சிய மஞ்சள் நிற ஃபோலிக் அமில (பி வகை வைட்டமின்) மாத்திரைகள், அட்டை அட்டையாக. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த தம் கணவருக்கு அவற்றைத் தினமும் ஒன்று கொடுத்து வந்திருக்கிறார். "நெஞ்சடைப்புக்குக் காரணமானதை இது கொறைக்குமாமே" என்றார். எங்கோ படித்துச் சொன்னதாம் பேரப்பிள்ளை.

பிள்ளை படித்ததில் பாதி சரி. ஃபோலிக் அமிலம் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீனைக் குறைக்கிறது. ஹோமோசிஸ்டீன் மிகுந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருவதும் உண்மைதான். ஹோமோசிஸ்டீனே இரத்தக்குழாய் நோய்க்குக் காரணமாகலாம் என்ற கருதுகோளை 1969இல் கில்மர் மெக்கலி என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்தார். ஆனால் 2006இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள், நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேரிடமும், பல நாடுகளைச் சேர்ந்த 5,522 பேரிடமும் நடந்தவை, ஹோமோசிஸ்டீன் இறங்கியும் மாரடைப்பு குறையவில்லை என்று காட்டின. அப்படியிருக்க, 'காரணி' என்று நான் அச்சிட்டால் பாட்டி சொன்னதையே உறுதிப்படுத்துவதாகாதா?

மடல் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, சொல்லின் மேல் பழி போடுவதற்கு முன் இலக்கணத்தைப் பார்ப்போம். இகர விகுதி எப்போதும் செய்பவரையே குறிக்கும் என்று எண்ண வேண்டாம். 'சேர்ந்தாரைக்கொல்லி' கொல்வது, 'ஊருணி'யோ ஊரால் உண்ணப்படுவது. கணக்குப் பாடத்தில் 12இன் காரணிகளுள் ஒன்று 3 என்கிறோம். அந்த மூன்று எந்த நோய்க்கும் காரணமில்லை. ஆகவே 'காரணி' இருந்துவிட்டுப் போகட்டும்.

மாற்ற வேண்டியது 'ஃபோலிக் அமிலம்'தான். ஆய்த எழுத்தை வல்லினத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தும் இந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இலை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததால் 'தழைக்காடி' எனலாம். 1941இல் இதனை முதலில் பிரித்தெடுத்தது ஸ்பினாச் இலையிலிருந்து. அதை நம்மவர் பசலைக்கீரை என்கின்றனர். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி வெளிறுவதும் பசலை. இந்த வைட்டமின் குறைந்து சோகை வந்தாலும் மேனி வெளிறும். 'பசலைநீக்கி' என்ற பெயர் இம்மருந்துக்குத் தானே வந்து அமைகிறதல்லவா?

மடல் 3: விரிவுரையாளர், ஈப்போ

ஐயாவின் பசலை நயமானது. ஆனால் நெஞ்சடைப்பு வந்த முதியவருக்குப் பசலைநீக்கி கொடுத்தால் ஊரில் வேறு கதை கிளம்பும். தழைக்காடியும் வேண்டாம், மருந்து அட்டையில் 'அசிட் ஃபோலிக்' என்று மலாயில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்து ஒலிப்பதே நம் மக்களுக்கு உதவும்.

ஊருணிச் சான்று இங்கே நிற்காது. அங்கே இகரம் 'உண்' என்னும் வினையோடு சேர்கிறது. 'காரணி'யில் விகுதியை என்ன செய்தாலும் 'காரணம்' கண்முன் நிற்கிறது; படிப்பவர் அதைத்தான் படிப்பார். 948ஆம் குறள் நோயையும் நோய்முதலையும் தனித்தனியே நாடச் சொல்கிறது. முதல் என்பது காரணம். சித்த மருத்துவத்தார் வெளிப்படும் அடையாளங்களைக் குறிகுணம் என்கிறார்கள். ஹோமோசிஸ்டீன் குறியாக நிற்கிறது. முதல் என்று நிறுவப்படவில்லை. எனவே 'இடர்க்குறி' என்று வைத்துக்கொண்டு, புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கு 'இடர்க்காரணி'யை அப்படியே விடலாம்.

மடல் 4: தாதி, தெலுக் இந்தான்

மன்னிக்கவும், இரண்டு சொற்கள் வைத்தால் யார் வேறுபாடு பார்ப்பார்கள்? தோட்டத்து மக்களுக்கு 'இடர்' என்பதே கடினம். 'ஆபத்து' என்றால்தான் புரியும். மேலும், ஃபோலிக் அமிலத்தால் பயனே இல்லை என்று ஒரேயடியாக எழுதிவிட வேண்டாம். சீனாவில் உயர் இரத்த அழுத்தமுள்ள 20,702 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், எனலாப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கு முதல் பக்கவாதம் வந்தது; அதோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 2.7 ஆகக் குறைந்தது. அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் நாளும் 400 மைக்ரோகிராம் எடுப்பது குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க. அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

மடல் 5: தலைமையாசிரியர்

'குறி' என்றால் குறி சொல்பவர் நினைவுக்கு வருவார். இதயநல முகாமுக்கு உடுக்கையோடு வந்து நிற்பார்கள். வேறு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பெண்கள் இருக்கும் குழுவில் அதை விரிக்க விரும்பவில்லை.

மடல் 6: மருந்தாளர்

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். விரிவுரையாளர் சொன்னபடி 'இடர்க்குறி'யே போகிறது. தாதி அம்மா சொன்ன கர்ப்பிணிகள் பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்தேன். பக்கவாத ஆய்வுக்கு இடமில்லாததால், 'பயனில்லை' என்ற சொல்லுக்கு முன் 'மாரடைப்பைத் தடுப்பதில்' என்று மட்டும் வரம்பிட்டேன்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, "பாம்பு போன தடம் மாதிரியா? தடத்தக் கூட்டிப் பெருக்குனா பாம்பு போயிருமா?" என்று கேட்டார். மாத்திரைகளை என்னிடமே விட்டுப் போனார். மைலோ டின்னை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். 'இடர்த்தடம்' என்று மாற்ற எனக்கு ஆசைதான். நேரம் கடந்துவிட்டது.

மடல் 7: தலைமையாசிரியர்

தடம் கடந்து போனதைக் காட்டும், வரவிருப்பதைக் காட்டாது. 'இடர்த்தட'த்தையும் நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளவும்.