நம்ம குடும்பம் குரூப்: கண்ணன் கார் விஷயம்

சேகர்: [போட்டோ] இப்பதான் ஹைவேல பார்த்தேன். வண்டி முழுக்க கருப்பு வெள்ளையில சுழி சுழியா ஸ்டிக்கர். இன்னும் ரிலீஸ் ஆகாத புது மாடலேதான், டெஸ்டுக்கு ஓட்டுறான். கண்ணா நாளைக்கு அட்வான்ஸ் கட்டிடாத

கண்ணன்: ஐயோ. நான் புக் பண்ற வண்டியா?

சேகர்: அதே சைஸ். லோகோவ மறைச்சிருக்கான்

மீனா அத்தை: என்னடா இது கண்ணு கூசுது

கோபு மாமா: அதுக்குத்தான் அந்த டிசைனே, பாடியில வளைவு எங்க கோடு எங்கன்னு கண்ணுக்கும் கேமராவுக்கும் பிடிபடக்கூடாது, முதல் உலகப்போர்ல 1917ல நார்மன் வில்கின்சன்னு ஒரு ஓவியர் கப்பலுக்கு இப்படித்தான் தாறுமாறா பெயின்ட் அடிக்க வெச்சார், கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு நீர்மூழ்கிக்காரனுக்கு கணக்கு தப்பணும்னு. கார்ல ஸ்டிக்கருக்கு அடியில ஃபோம், பிளாஸ்டிக் எல்லாம் வெச்சு ஷேப்பையே மாத்திடுவான். அதுக்கும் முன்னாடி பழைய மாடல் பாடிக்குள்ள புது இன்ஜின வெச்சு ஓட்டுவான், மியூல்னு சொல்வாங்க, பக்கத்துல போனாலும் தெரியாது

செல்வி: மாமா மூச்சு விடுங்க 😂

மீனா அத்தை: அம்மா மாத்திரை சீட்டு யார்ட்ட இருக்கு, நேத்தே கேட்டேன்

ராஜி: அனுப்பிட்டேனே, மேல பாருங்க

கண்ணன்: இவ்ளோ மூடி ஏன் ரோட்டுக்கு கொண்டு வரான்

கோபு மாமா: டிராக் மட்டும் பத்தாதுடா. குழி, டிராஃபிக், வெயில், பனி எல்லாத்துலயும் ஓட்டிப் பார்க்கணும். பனிக்கு சுவீடன்ல ஆர்யெப்லோக்னு ஒரு ஊரு, ஏரி உறைஞ்சதும் அது மேலயே ஓட்டுவாங்க. போட்டோ எடுத்து பத்திரிகைக்கு விக்கிறவங்களும் அந்தக் குளிர்ல போய் காத்துக் கிடப்பாங்க

சேகர்: ராஜி வீட்டுக்காரர் பார்ட்ஸ் கம்பெனிதானே. கேளேன்

ராஜி: சொல்ல மாட்டார்ண்ணா. வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கார். கேட்லயே போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. வண்டிக்கு பேரே கிடையாது, கோட் மட்டும்தான்

மீனா அத்தை: மாப்பிள்ளை எதத்தான் சொன்னார். வேலை மாறினதே வேற யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது

ராஜி: அத்தை அது முடிஞ்ச கதை

செல்வி: 🙏 இங்க வேண்டாம்

கண்ணன்: நான் வெயிட் பண்ணவா வேணாமா

கோபு மாமா: ஜூம் பண்ணு. பின் லைட் சின்னதா உருண்டையா தனித்தனியா இருக்கு பாரு, டெஸ்டுக்காக மாட்டினது அது. ஒரிஜினல் லைட், ஒரிஜினல் வீல் வந்து ஸ்டிக்கரும் குறைஞ்சாதான் ரிலீஸ் கிட்ட வந்துச்சுன்னு அர்த்தம். இது இப்போதைக்கு வராது. அவன் மறைக்கிறதே போட்டி கம்பெனிக்காக மட்டும் இல்லடா, புதுசு வருதுன்னு தெரிஞ்சா ஷோரூம்ல நிக்கிறத எவனும் வாங்க மாட்டான், நீ இப்ப யோசிக்கிற மாதிரி

சேகர்: நானா இருந்தா வெயிட் பண்ணுவேன்

கண்ணன் அம்மா: அப்பா வரட்டும்

கண்ணன்: ஷோரூம்ல இருந்து போன் வந்துட்டே இருக்கும்மா. நாளைக்கு சாயங்காலம் சொல்றேன்னு சொல்லிடவா?