சமண நண்பர்களுக்கு விருந்து: வெங்காயம், பூண்டை விட்டால் போதுமா?

தேக்கா_வாசி:
சனிக்கிழமை சிங்கப்பூர்ல நம்ம வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஒரு குஜராத்தி சமணக் குடும்பம் சாப்பிட வர்றாங்க. ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லியிருக்கேன். தோசை, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், தயிர் வடை. வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டேன். வேற ஏதாவது கவனிக்கணுமா?

பொங்கப்பானை:
பட்டியல்ல பாதிக்கு மேல அடிபடும்.

முதல்ல நேரம். பொழுது சாஞ்சா பலர் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. விளக்குக்கு வர்ற பூச்சி சாப்பாட்டுல விழுந்து சாகும்னுதான் இந்த விரதம். இங்க வருஷம் பூரா ஏழு மணியை ஒட்டித்தான் அஸ்தமனம். சிலர் அதுக்கும் 48 நிமிஷம் முன்னாடியே முடிச்சிடுவாங்க. பேசாம மதிய விருந்தா மாத்திடுங்க.

உருளை ஆகாது. ஒரே கிழங்குல கணக்கில்லாத ஓரறிவுயிர்கள் குடியிருக்குங்கறது அவங்க கொள்கை. பிடுங்கினா செடி சாகும், மண்ணுப்புழுவும் சாகும். கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பச்சை இஞ்சிக்கும் இதே கதி. பொரியலுக்கு வாழைக்காய் இருக்கவே இருக்கு. காஞ்ச மஞ்சள், சுக்கு பெரும்பாலும் சேர்த்துப்பாங்க.

முதல் நாளே புளிக்கவச்ச மாவு கட்டுப்பாடான வீடுகள்ல ஆகாது. வெண்பொங்கல் பண்ணுங்க: ஒரு கப் அரிசி, அரை கப் பாசிப்பருப்பு, நாலரை கப் தண்ணி, இஞ்சிக்குப் பதிலா கால் டீஸ்பூன் சுக்குப்பொடி. அரிசி, பருப்புல வண்டு இருக்கான்னு தட்டுல பரப்பிப் பாருங்க. இருந்தா நசுக்காம வெளியில விட்டுடணும்.

ஈசூன்_மச்சான்:
ஏன் இவ்வளவு பாடு? சீன சைவக் கடையில வாங்கிடுங்க. அங்க வெங்காயம், பூண்டே போட மாட்டாங்களே.

பொங்கப்பானை:
அங்கதான் மாட்டிப்பீங்க, மச்சான். அவங்க விலக்கறது வாடையுள்ள பூண்டு வகைகளை, கிழங்கை இல்ல. காளான், கேரட், யாம் கிழங்கு எல்லாம் தாராளமா இருக்கும். சில கடையில முட்டையும் உண்டு.

தேக்கா_வாசி:
நன்றிண்ணே, மதியம் பன்னிரண்டரைக்கு மாத்திட்டேன். தயிர் வடையை விட்டுட்டுப் பொங்கலுக்குத் தயிர்ப் பச்சடி வைக்கலாமா?

சுக்குக்காப்பி:
ரெண்டுமே சிக்கல்தான். காய்ச்சாத தயிரும் பருப்பும் சேர்ந்தா நுண்ணுயிர் உண்டாகும்னு விலக்குவாங்க. பொங்கல்ல பருப்பு இருக்கே! பூசணிக்காய் மோர்க்குழம்பு வைங்க, ஆனா கடலைப்பருப்பு அரைச்சு விடாதீங்க. ரெண்டு கப் தயிருக்கு ஒரு ஸ்பூன் அரிசிமாவைக் கட்டியில்லாம கரைச்சு, சின்னத் தீயில கை விடாம கிண்டி நல்லாச் சூடாக்குங்க. மாவு இல்லாம சூடேத்தினா திரிஞ்சுடும். அப்புறம் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் விழுது, வெந்த பூசணி. தாளிப்புல உளுந்து போடற பழக்கம் இருந்தா தயிர் சூடான பிறகே கொட்டுங்க.