துடைக்காமல் விட்ட கண்ணாடி: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சோங் பூங்கா, பினாங்கு

கண்ணாடி துடைக்கும் வேலையில் எனக்குப் பதினோரு வருஷம் ஆகிறது. முதல் ஒன்பது வருஷம் சோப்புத் தண்ணி, ரப்பர் வைப்பர், ஏணி. சுத்திகரித்த தண்ணிக்கு மாறி இரண்டு வருஷம்தான். போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி இருந்தால் எழுதுங்கள்.

கடலைப் பார்த்த மாடி வீடு. மேல்மாடிக் கண்ணாடியில் உப்பு படிந்து, விரல் வைத்தால் கோடு விழும் அளவுக்கு மங்கிக் கிடந்தது. வேனிலிருந்து பைப்பை இழுத்தேன், நுனியில் பிரஷ்ஷும் தண்ணி வரும் துளையும் உள்ள நீளக் கம்பை நீட்டினேன், பிரஷ்ஷால் தேய்த்து மேலிருந்து கீழாக அலசிவிட்டுக் கம்பை மடக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "என்ன தம்பி, ஈரத்தோட விட்டுட்டுப் போற? காஞ்சா திட்டுத் திட்டா நிக்குமே" என்றார். "நிக்காதும்மா, அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்க" என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. நான் பின்பக்கம் போன நேரத்தில் கீழ் ஜன்னல் ஒன்றைப் பழைய கைலித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டார்.

வேலை முடிந்து இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். மற்ற ஜன்னல்கள் எல்லாம் காய்ந்து, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. துணி பட்ட அந்த ஒன்றில் மட்டும் சாய்வெயில் விழுந்து, கை போன வழி வளையம் வளையமாகத் தெரிந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இதையும் அலசி விட்டுடு தம்பி" என்றார், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கறை விடுவது தண்ணி இல்லை, தண்ணியில் கரைந்திருப்பது. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணியில், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 60 பிபிஎம் காட்டுகிறது. அதாவது லிட்டருக்கு 60 மில்லிகிராம் கால்சியம், மக்னீசியம் மாதிரி உப்புகள். தண்ணி ஆவியாகிப் போகும், அது போகாது. கண்ணாடியிலேயே வெள்ளையாக உட்கார்ந்துவிடும். என் வேனில் முதலில் மண்ணுக்கு ஒரு பில்டர், குளோரினுக்குக் கரி பில்டர், பிறகு தண்ணியைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, கடைசியில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின். வெளியே வரும்போது மீட்டரில் 0. கரி பில்டரைத் தவிர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். குளோரின் ஆர்ஓ சவ்வை அரித்துவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று: பல வருஷம் சோப்பு போட்டுத் துடைத்த வீட்டில் முதல் தடவை திருப்தியாக வராது. பிரேமின் இடுக்கிலும் ரப்பர் பட்டையிலும் இருக்கும் பழைய சோப்பு காய்கிற நேரத்தில் ஒழுகி வரும். பிரேமை முதலில் தேய்த்து, கண்ணாடியை இரண்டு தடவை அலசுங்கள். அலசும்போது தண்ணி பாளமாக வழுக்கி இறங்கினால் கண்ணாடி சுத்தம். முத்து முத்தாக நின்றால் ஏதோ பிசுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது, அவசரப்படக் கூடாது.

செந்தூல், கோலாலம்பூர்

நான் இந்தத் தொழிலில் இல்லை, கொண்டோவில் குடியிருப்பவள். பதினான்காவது மாடி, பால்கனியில் பெரிய இழுவைக் கதவு. எத்தனை பேப்பர், எத்தனை ஸ்பிரே! மாலை வெயில் அடித்தால் எல்லாக் கோடும் தெரியும். சுட வைத்து ஆறிய தண்ணியில் துடைத்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஆகவில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

இப்போது கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை ஸ்பிரே போத்தலில் ஊற்றி அடிக்கிறேன். முதலில் குழாய்த் தண்ணியில் அழுக்கைக் கழுவிவிடுவேன், கடைசி அலசலுக்கு மட்டும் இது. ஒரு கதவுக்கு அரை லிட்டர் போதும். வைப்பரால் ஒரே இழுப்பு, ஓரத்தை மைக்ரோபைபர் துணியால் ஒற்றினால் போதும். ஏர்கோன் பைப்பிலிருந்து சொட்டும் தண்ணியையும் பிடித்துப் பார்த்தேன். மீட்டரில் 12 காட்டியது, குழாயை விட எவ்வளவோ மேல். ஆனால் ஏர்கோன் சர்வீஸ் செய்த பிறகுதான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் தூசியும் பாசியும் சேர்ந்து வரும். எங்கள் பிளாக்கின் கீழே காசு போட்டுத் தண்ணி பிடிக்கும் மெஷின் இருக்கிறது. அதில் வந்தது 58! வெறும் வடிகட்டிய தண்ணிதான்.

கண்ணாடிக்காகப் பால்கனிக்கு வெளியே எட்டிக் கை நீட்டாதீர்கள். கைக்கு எட்டாத பக்கம் அழுக்காகவே இருக்கட்டும்.

பட்டர்வொர்த்

அண்ணே, என் தப்பையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஒரு பெரிய அலுவலகக் கட்டடம், மூன்று மாடி. காலையில் மீட்டர் 2 காட்டியது. அதை நம்பி நாள் முழுக்க மறுபடி பார்க்கவில்லை. மத்தியானம் தண்ணியில் லேசாக மீன் வாடை வந்தது, அதையும் கண்டுகொள்ளவில்லை. ரெசின் தீரும்போது வரும் வாடை அது. மறுநாள் காலை ஏழரைக்கு மேலாளர் கூப்பிட்டார். கிழக்குப் பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. என் சொந்தச் செலவில் ஒன்றரை நாள் திரும்பச் செய்து கொடுத்தேன். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மீட்டர் வைக்கிறேன். 10-ஐத் தொட்டால் ரெசினை மாற்றிவிட்டுத்தான் அடுத்த கண்ணாடி.

இன்னொன்று: ஜார்ஜ்டவுன் பழைய கடை வீட்டு வரிசைகளில் மின்கம்பி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே போகும். கார்பன் கம்பும் அலுமினியக் கம்பும் மின்சாரம் கடத்தும். கம்பி பக்கத்தில் இருந்தால் நான் அந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை, எவ்வளவு காசு கொடுத்தாலும்.

கெப்போங், கோலாலம்பூர்

எங்கள் வீட்டு ஜன்னலில் சிமெண்டுச் சுவரிலிருந்து மழைநீர் வழிந்து வெள்ளைப் பட்டை விழுந்திருக்கிறது. சுத்தத் தண்ணியில் மூன்று தடவை செய்தும் போகவில்லை. வேறு வழி உண்டா? அம்மா வீட்டில் நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பித் திறப்பது), அதற்கும் இந்தக் கம்பு சரிப்படுமா?

தஞ்சோங் பூங்கா, பினாங்கு

அந்தப் பட்டை தண்ணிக்குப் போகாதுங்க. சிமெண்டுக் காரம் கண்ணாடியையே அரிக்கும். மேலோட்டமாக இருந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம், அரித்திருந்தால் கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான். சுவரில் நீர் வழியும் இடத்தை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுக் கண்ணாடியிலும் அதே பட்டை விழும்.

நாக்கோவுக்குக் கம்பு வேண்டாம். மூடினாலும் இடைவெளி வழியாக வீட்டுக்குள் தண்ணி அடிக்கும். இரண்டு முனையிலும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்பில்தான் அழுக்கு சேரும், அதைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுங்கள். பிறகு செந்தூல் அக்கா சொன்ன மாதிரி ஸ்பிரே போத்தலில் டிஸ்டில்ட் வாட்டர், மேல் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் செய்வது நல்லது, சூடான கண்ணாடியில் அலசி முடிப்பதற்குள் அழுக்குத் தண்ணியே காய்ந்துவிடும்.