மும்பை ஹாலில் பழைய கம்ப்யூட்டர்கள்: ஓடவிடலாமா, பூட்டி வைப்பதா?

செம்பூர்வாசி:
வணக்கம். பத்து வருஷமாகச் சேர்த்ததில் என்னிடம் இப்போது ஒரு பிபிசி மைக்ரோ, ஒரு ஸ்பெக்ட்ரம் பிளஸ், ஒரு கமடோர் 64 இருக்கின்றன. இதுவரை கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்தன. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடி ஷோகேஸ் செய்யத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். பிபிசிதான் எனக்கு உயிர், பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க 1984இல் வந்த கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்குக் கொடுத்ததும் அதே மாடல்தான், ஸ்விட்சைப் போட்டதும் வரும் 'பூ...பீப்' சத்தத்துக்காகவே வாங்கினேன். வருகிறவர்கள் தட்டிப் பார்க்கட்டும் என்று விடலாமா? மழைக்காலம் வேறு வருகிறது.

மாட்டுங்கா சால்டரிங்:
சார், பிபிசியை ஒருதடவை ஓடவிடுவதற்கு முன்னாலும் அதன் பவர் சப்ளையைத் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மஞ்சளாக, கண்ணாடி மாதிரி உறை போட்ட காகிதக் கெப்பாசிட்டர் இருக்கும், வயதானால் உறையில் மெல்லிய விரிசல் விழுந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் கரண்ட் கொடுத்ததும் வெடித்து வீடெல்லாம் புகை நாற்றம். எனக்கு நடந்தது ஜூலையில்தான், மெஷின் பிழைத்தது, நாற்றம் போக இரண்டு நாள் ஆனது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் எக்ஸ்2 வகை (மெயின்ஸ் கரண்டில் போடுவதற்கான கெப்பாசிட்டர்) என்று கேட்டு வாங்கிப் போடலாம். மெயின்ஸ் பக்கம் பழக்கமில்லாவிட்டால் நீங்களே கை வைக்காதீர்கள், பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும்.
கமடோருக்குப் பழைய அடாப்டரே வேண்டாம். அதன் 5 வோல்ட் லைன் கெட்டால் வோல்டேஜ் ஏறி ராம் சிப்புகளைக் கொன்றுவிடும், புதிதாகச் செய்த அடாப்டர்தான் நல்லது. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், ஆனால் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ், கையில் கிடைத்த ரவுட்டர் அடாப்டரைச் சொருகிவிடாதீர்கள்.

வாஷிக்கரை:
எதிர்ச் சுவரா? சாயங்கால வெயில் நேராக அங்கேதானே விழும், தச்சரிடம் இன்றே பேசி ஜன்னல் இருக்கும் சுவருக்கே மாற்றுங்கள். என் பிபிசியில் வெயில் பட்ட பாதி டீக்கறை நிறமாகிவிட்டது, மேலே புத்தகம் இருந்த இடம் மட்டும் பழைய கிரீம் நிறத்தில் சதுரமாக நிற்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்க வைத்தேன், கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சள். ஷோகேஸை முழுக்க அடைக்காமல் பின்பலகையில் காற்றுத் துளை விடுங்கள், நம்ம ஊர் ஈரத்தில் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் போட்டால் நீலம் ரோஸ் ஆனதும் காயவைக்க வேண்டும், மழையில் எனக்கு அது அடிக்கடி வரும் வேலை.

செம்பூர்வாசி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சுவரை மாற்றிவிட்டேன். கமடோரும் ஸ்பெக்ட்ரமும் கண்ணாடிக்குள், பிபிசி மட்டும் வெளியே மேஜையில், அதன் பவர் சப்ளையை நாளைக்கே லாமிங்டன் ரோட்டுக்குக் கொண்டுபோகிறேன். அக்கா பையன் தீபாவளிக்கு வருகிறான், பேசிக் மொழி புரோகிராமின் முதல் வரியாக '10 பிரிண்ட்' என்று அவன் கையால் அடிக்க வைக்க வேண்டும்.