மறுமொழி: 'நோ போஸ்ட்' - தமிழ்ல என்ன எழுதலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

'நோ போஸ்ட்'னா, ஆன் பண்ணினதும் கம்ப்யூட்டர் தன்னையே சோதிச்சுக்கற 'பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்'டை (சுருக்கமா போஸ்ட்) தாண்டாம நின்னுடறது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கற நம்ம தமிழ் வழிகாட்டில இதுக்கும் பூட் ஆகாத மத்த கோளாறுக்கும் சேர்த்து 'துவங்காமை'ன்னு ஒரே சொல் போதும்னு மேல ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு போதாதுன்னுதான் படுது. கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டி மூடின பிறகு 'பூட் ஆகலை'ன்னு ஒருத்தர் வந்து நின்னா அது மூணு தனித்தனி கோளாறா இருக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேற. எல்லாத்துக்கும் ஒரே பேரை வச்சா, ராம் (மெமரி) ஒழுங்கா உக்காராத மெஷினுக்கு அவர் விண்டோஸ் இன்ஸ்டால் பண்ண பென்டிரைவ் தேடிட்டு இருப்பார்.

பட்டனை அழுத்தினா ஃபேன்கூட அசையலைங்கறது முதல் வகை. பவர் சப்ளையோட பின்பக்க சுவிட்ச், மதர்போர்டுக்கு கரண்ட் குடுக்கற 24 பின் கனெக்டர், முன்பக்க பட்டன்ல இருந்து போர்டுக்கு வர்ற அந்த ரெண்டு முனை ஒயர் (பிரஷ் பட்டாலே கழண்டுடும்), இவ்வளவுதான் பார்க்கணும். இதுக்கு புதுச்சொல் வேண்டாம், 'ஆன் ஆகலை'ன்னா யாருக்கும் புரியும். இன்னொரு வகைல லோகோ வரும், பயாஸுக்குள்ள (போர்டுலயே இருக்கற, முதல்ல ஓடற புரோகிராம்) போகலாம், ஆனா பூட் டிவைஸ் இல்லைன்னு சொல்லி நின்னுடும். அங்க ஹார்ட் டிஸ்கோட சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும், இல்லேன்னா போர்டுல இருக்கற பட்டன் பேட்டரியைக் கழட்டினதுல பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குப் போயிருக்கும். 'துவக்கம்'ங்கற சொல் நியாயமா இந்த இடத்துக்குத்தான் பொருந்தும், ஏன்னா இயங்குதளத்தைத் தேடி ஏத்தற வேலை இங்கதான் நடக்குது.

நமக்கு சொல் இல்லாதது நடுவுல இருக்கறதுக்கு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரை மட்டும் கருப்பு. சுத்தம் பண்ணின பிறகு வர்ற புகார்ல இது ரொம்ப சாதாரணம். வோல்டேஜ் நிலையாயிடுச்சுன்னு சப்ளை சிக்னல் குடுத்ததும் ப்ராசசர் பயாஸ் கோடை ஓட்ட ஆரம்பிக்குது, மெமரி இருக்கா, கிராபிக்ஸ் பதில் சொல்லுதான்னு மெஷின் தன்னையே ஒரு தடவை பார்த்துக்குது. 1981ல வந்த ஐபிஎம் பிசிலயே இது இருந்துச்சு, எல்லாம் சரியா இருந்தா சின்னதா ஒரு பீப் வரும். இந்த சோதனைலயே நின்னுட்டா ஹார்ட் டிஸ்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, ராமும் கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசருக்குப் போற 8 பின் ஒயரும்தான் முதல்ல பார்க்கணும். அந்த 8 பின்னை மாட்ட மறந்தா நிறைய போர்டுல ஃபேன் மட்டும் நல்லா சுத்தும், அதனாலயே யாரும் அதை சந்தேகப்பட மாட்டாங்க.

இதுக்கு 'தற்சோதனை'ன்னு வைக்கலாம்னு என் யோசனை. தற்காப்பு, தற்பெருமை மாதிரி 'தன்' புணர்ந்து வர்ற வடிவம் நமக்குப் பழக்கம்தான். 'தொடக்கத் தன்னாய்வு'ன்னு ஒருத்தர் சொன்னது இலக்கணப்படி சரி, ஆனா ஆய்வுன்னதும் ஆராய்ச்சி ஞாபகம் வருது, இங்க நடக்கறது இருக்கா இல்லையான்னு பார்க்கற சரிபார்ப்பு மட்டும்தான். 'சோதனை' வடசொல்லாச்சேன்னு கேட்டவங்களுக்கு, தூய தமிழ்ல இதே சுருக்கத்தோட இதே தெளிவோட ஒண்ணு கிடைச்சா நான் மனசார மாத்திக்கறேன். ஃபோன்ல ஒருத்தருக்கு உதவி பண்றப்ப வாயில வருதான்னு பாருங்க, 'தற்சோதனை தாண்டலைங்க, ஒரே ஒரு ராமை மட்டும் போட்டுப் பாருங்க'. எனக்குத் தடுக்கல.

'திரை வரவில்லை'ன்னே விட்டுடலாம்ங்கற கருத்தை நான் ஏத்துக்கலை. அது அறிகுறி. மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டுல மாட்டாம போர்டுல இருக்கற போர்ட்ல மாட்டியிருந்தாலும் திரை கருப்பாத்தான் இருக்கும், ஆனா உள்ள தற்சோதனை முடிஞ்சு விண்டோஸே ஓடிட்டிருக்கலாம். கீபோர்டுல நம்லாக் அழுத்தி லைட் மாறுதான்னு பார்த்தா ஓரளவு தெரிஞ்சுடும், புது போர்டா இருந்தா சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு எழுதின குட்டி எல்இடில எது அணையாம நிக்குதோ அங்க பிரச்சனை. டிடிஆர்5 ராம் போட்ட மெஷின்ல பேட்டரி கழட்டி பயாஸை ரீசெட் பண்ணிட்டா மெமரி டிரெய்னிங்குக்கே (ராமுக்கு ஏத்த மாதிரி போர்டு தன்னை சரிபண்ணிக்கறது) சில நிமிஷம் கருப்பாவே நிக்கும், அந்த நேரம் பயந்து பவரை ஆஃப் பண்ணக்கூடாது. 'தற்சோதனை நடக்கிறது', 'தற்சோதனையில் நின்றுவிட்டது', ரெண்டும் தனித்தனியா எழுத முடியணும், 'திரை வரவில்லை'ல அது முடியாது.

ரீசீட்டுக்கு (ராம் மாதிரி பாகத்தைக் கழட்டி திரும்ப உக்கார வைக்கறதுக்கு) 'மீளிருத்தல்'னு ஒரு பரிந்துரை வந்திருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். 'கழட்டி மாட்டு'ன்னு எல்லாரும் சொல்றதே இருக்கு, எழுத்துல 'கழற்றி மாட்டவும்'. கூடவே எப்படி மாட்டணும்னும் எழுதணும், கேபிளை உருவிட்டு பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச கரண்டைப் போக்கிட்டு, ராமோட தொடுமுனையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, காய்ஞ்சதும் கிளிப் டக்குனு பூட்டற வரைக்கும் அழுத்தணும். பாதி பேர் அந்த சத்தம் வர்றதுக்கு முன்னாடியே விட்டுடறாங்க.

வேற ஆட்சேபம் இல்லேன்னா வழிகாட்டில மூணு தலைப்பா பிரிச்சிடறேன்: 'ஆன் ஆகவில்லை', 'தற்சோதனையில் நின்றுவிட்டது', 'இயங்குதளம் துவங்கவில்லை'. பீப் கோடு (என்ன கோளாறுன்னு சொல்ற பீப் சத்த வரிசை) பத்தி தனி இழைல பேசலாம், பயாஸ் கம்பெனிக்கு கம்பெனி அது மாறுது, அதனால அட்டவணை போடறதா இல்ல போர்டோட கையேட்டைப் பார்க்கச் சொல்றதான்னு முதல்ல முடிவு பண்ணணும்.